இன்றைய உணவு உபயம்

கரட்டடி விலங்குப் பூங்காவுக்கு இறந்துபோனவர்கள் வர ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை, அன்றைக்கு உயிரோடு இருப்பவர்களையே உள்ளே விடமாட்டோம், அதனால் கிழமை விஷயத்தில் எனக்குக் குழப்பமே கிடையாது.

எங்கள் பூங்கா சின்னது. கரடு என்று நாங்கள் சொல்லும் மொட்டைக் குன்றின் அடிவாரத்தில், லாரிப் பட்டறைகள் முடிந்து வேப்பமரங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு கரடி, பெயர் கருப்பாயி. புள்ளிமான்கள், எத்தனை என்று அவற்றுக்கே தெரியாது. குரங்குகள், அதில் பாதி வெளியிலிருந்து ஓசியில் வந்து போகிறவை. முள்ளம்பன்றிகள், ஒரு கூழைக்கடாப் பறவை, ஒரு முதலை. பிறகு, ஈமு வளர்த்துக் கோடீஸ்வரராகிவிடலாம் என்று ஊரே கிளம்பி, கடைசியில் கறிக்கடைக்காரர்கூட வாங்க மறுத்த காலத்தில், யாரோ எங்கள் கேட்டில் கட்டிப்போட்டுவிட்டு ஓடிவிட்ட ஈமு ஒன்று. சிங்கம் புலி பார்க்கலாம் என்று வருகிறவர்களை நான் கவுன்ட்டரிலேயே நிறுத்தி, "சிங்கம் இல்லீங், கரடி இருக்குது, பரவாயில்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பேன். பரவாயில்லை என்று சொல்லாதவர்கள் குறைவு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, குழந்தை வேறு அழுகிறது, கரடியாவது இருக்கட்டும் என்று உள்ளே போய்விடுவார்கள்.

எங்கள் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் யாருக்காவது பிறந்த நாள், கல்யாண நாள், அப்பா அம்மாவுக்குத் திதி என்று வந்தால் ஒரு விலங்கின் ஒரு நாள் தீனிச் செலவை ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் கூண்டின் முன்னால் கரும்பலகையில் 'இன்றைய உணவு உபயம்' என்று போட்டு, கீழே பெயரை எழுதி மாட்டுவோம். பிறந்த நாள் என்றால் 'பிறந்த நாளை முன்னிட்டு', திதி என்றால் 'அமரர் இன்னார் நினைவாக'. எழுதுவது நான். என் கையெழுத்து அழகானது என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் மற்றவர்கள் சொல்வதை நான் தடுத்ததும் இல்லை.

அந்தப் புதன்கிழமை ஈமுவின் பலகையில் 'அமரர் நஞ்சப்பன், டிரில் மாஸ்டர், நினைவாக' என்று எழுதி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதுவரைக்கும் கம்பியைக் கொத்துவதும், காரணமில்லாமல் ஓடுவதும், ஓடிய வேகத்தில் எதற்கு ஓடினோம் என்று மறந்து நிற்பதுமாக இருந்த அந்த ஈமு, நெஞ்சை நிமிர்த்தி, இருக்கிற துளியூண்டு சிறகை முதுகுப் பக்கம் சேர்த்து வைத்துக்கொண்டு, கம்பியோரமாக அளந்து அளந்து நடந்து, சுற்றுலா வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலிருந்து கீழே பார்த்து, மேல் பித்தான் போடாத ஒருவன் முன்னால் மட்டும் நின்றது, அவன் போடும்வரை நகரவில்லை. மத்தியானம் டிரில் மாஸ்டரின் மகன் சிவசண்முகம் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், "அப்பா" என்றார். ஈமு அவருடைய வயிற்றைப் பார்த்தது. வெளியே தொங்கிக்கொண்டிருந்த சட்டையை அவர் அவசர அவசரமாக உள்ளே விட்டுக்கொண்டார்.

"வாத்தியாரு வந்துட்டுப் போனாருங்ணா" என்று சாயங்காலம் மாரப்பன் வந்து சொன்னான். மாரப்பன் எங்கள் விலங்குகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவன். மீட்டர் பார்க்க வந்தவர் போய்விட்டார் என்கிற குரலில்தான் அவன் அதைச் சொன்னான், நானும் "சரி, கேட்டைச் சாத்து" என்றேன்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. காலம் காலமாகக் காக்கைக்குச் சோறு வைத்தவர்கள் நாங்கள்; காக்கையில் வருகிறவர் ஈமுவில் வரக் கூடாதா என்பதுதான் டீக்கடைப் பேச்சாக இருந்தது. காக்கையாவது ஒரு வாய் தின்றுவிட்டுத் திரும்பிப் பாராமல் பறந்துவிடும், இங்கே என்றால் ஐந்து மணி வரைக்கும் ஆற அமர உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். அடுத்த வாரத்திலிருந்து என் கவுன்ட்டரில் டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, திதி சொல்லிவைக்க ஒரு வரிசை என்று இரண்டு வரிசை நின்றது.

பொங்கியம்மாள் என்று ஓர் அம்மாள், வாழ்ந்த காலத்தில் வீட்டில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை தான் ஒரு பருக்கை தொட்டதில்லையாம். அவருடைய நாளில் கருப்பாயி கஞ்சித் தட்டை மூலைக்குத் தள்ளிவிட்டு மாரப்பனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கடைசியில் அவன் தன் டிபன் பாக்ஸை எடுத்துவந்து அவள் கண் முன்னால் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அவள் வாய் வைத்தாள். மளிகைக்கடை காதர் பாய் கூழைக்கடாவில் வந்து, நின்றவர் எல்லோருக்கும் மீனைக் கொசுறாக எடுத்துப் போட்டார். துபாயில் வேலைக்குப் போய் அங்கேயே இறந்து அடக்கம் செய்யப்பட்ட பையன் குரங்கில் வந்து அம்மாவின் கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, தலை வாரிக்கொண்டான். பேர் வைத்த கையோடு போய்விட்ட ஒரு குழந்தைகூட வந்தது. மான்குட்டி ஒன்று அந்தத் தாயின் விரலை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருந்தது, அவளும் நாள் முழுக்கக் கையை எடுக்கவில்லை, கம்பி அழுத்திய தடம் தோளில் வாரக்கணக்கில் இருந்தது. எங்கே இறந்தாலும், எப்போது இறந்தாலும், பலகையில் எழுதிய அமரர் ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை. முதலையில் மட்டும் தெரியாது, அது எப்போதும் கிடந்த கிடைதான், அதனால் அதற்கு யாரும் திதி கொடுப்பதில்லை. கொடுத்த ஒரே குடும்பம் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்காத தங்கள் பெரியப்பாவுக்குக் கொடுத்தது, அச்சு அசல் அவரேதான் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் ரேஞ்சர் தேவசகாயம் ஐயா இதைப் பற்றி மேலே எழுதவும் இல்லை, மேலேயிருந்து யாரும் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு தகராறுக்குப் பிறகு ஒரு பலகை மட்டும் வைத்தார்: 'விலங்குகளிடம் சொத்து விவகாரம் கேட்கக் கூடாது.' அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று: 'செவ்வாய்க்கிழமை உபயம் கிடையாது.' அது விலங்குகளுக்காக. வாரத்தில் ஒரு நாளாவது அவை அவையாகவே இருக்க வேண்டாமா?

இதில் அதிகம் வேலை கூடியது துளசிமணிக்குத்தான். வெளியே போகிற வழியில் இருக்கும் நினைவுப் பொருள் கடை அவளுடையது: சாவிக்கொத்து, மான் கொம்பு வைத்த தொப்பி, அழுத்தினால் கீச்சென்கிற கிளி, அவளே தைத்த துணிக் கரடிகள். அதுவரை குழந்தைகள் அடம்பிடித்தால் மட்டும் வாங்குகிற கடை. இப்போது பெரியவர்கள் வந்து நின்றார்கள். "எங்கப்பா முள்ளம்பன்றியில வந்தாரம்மா, ஒரு முள்ளம்பன்றி வேணும், கண்ணாடி போட்டாப்புல" என்பார்கள். அவள் கம்பியை வளைத்து வட்டக் கண்ணாடி செய்து மாட்டிக் கொடுப்பாள். ஈமுவுக்குத் தோளில் துண்டு, மானுக்கு மூக்குத்தி, கரடிக்கு வெற்றிலைப் பை. "மூக்குத்தி எந்தப் பக்கமுங்?" என்று கேட்டுக் கேட்டுத் தைப்பாள். இன்றைக்கும் கரட்டடியில் எந்த வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலும் விபூதி வைத்த ஒரு கரடியோ கூழைக்கடாவோ இருக்கும், வெளியூர்ச் சம்பந்திகள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. என் வேலை டிக்கெட் கிழிப்பது. ஊரில் பாதிப் பேருடைய கண்ணீரைத் துடைத்த இடத்தில் உட்கார்ந்து அதைச் செய்யக் கொடுத்துவைத்திருந்தேன்.

எல்லோர் வீட்டு அமரருக்கும் கண்ணாடியும் மூக்குத்தியும் வைத்துக் கொடுத்த துளசிமணி, தன் வீட்டுக்கென்று ஒரு பொம்மையும் தைக்கவில்லை. தைக்க முடியாது. அவள் கணவர் சென்னியப்பன் இறந்தாரா இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. லாரி டிரைவர்; ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்; சரக்கு இறங்கிவிட்டது என்று போன் வந்தது; அதற்குப் பிறகு லாரி மட்டும் ஏதோ ஒரு ஊரின் புறவழிச்சாலை ஓரத்தில், பூட்டியபடி, சாவி முன்சக்கரத்தின் மேல் இருக்க, நின்றது. ஆளைக் காணோம். தேடிப் போனார்கள், மொழி தெரியாத ஊர் ஊராகப் போட்டோவைக் காட்டினார்கள், ஆற்றங்கரைகளில் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். எட்டு வருடமாயிற்று. துளசிமணி பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பூ வைத்துக்கொள்வதில்லை. பண்டிகை கொண்டாடுவதில்லை, துக்கமும் கொண்டாடவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பதா வேண்டாமா என்று ஊர்ப் பெண்கள் தயங்குகிற ஓர் இடத்தில் அவள் எட்டு வருடம் நின்றுகொண்டிருந்தாள்.

என் மைத்துனன் கல்யாணத்துக்காக நான் லீவு போட்டிருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. கவுன்சிலர் தனசேகரனின் பிறந்த நாள். ஈமுவுக்கு உபயம். நான் இல்லாததால் மாரப்பன் எழுதினான், எழுதி எழுதிப் பழகியிருந்த வார்த்தை கையோடு வந்துவிட்டது: 'அமரர் தனசேகரன் நினைவாக.' ஆளுயர மாலையும் பட்டாசுமாக வந்த கட்சிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் மான்கள் எல்லாம் கரட்டுப் பக்கம் ஒண்டிக்கொண்டனவாம். ரேஞ்சர் ஐயா கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கவுன்சிலர் மட்டும் ஈமுவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அது ஒரு கூழாங்கல்லை விழுங்கியது, காரணமில்லாமல் ஓடியது, எதற்கு ஓடினோம் என்று மறந்து நின்றது. மைக்கில்லாமலே பேசுகிற அவருடைய கையாட்டலில் ஒன்றுகூட அதனிடம் இல்லை.

"பாத்துக்கங்கப்பா!" என்று கவுன்சிலர் சந்தோஷத்தில் கத்தினாராம். "நான் கெட்டியா இருக்கறேன். எழுதிப் போட்டும் வரல பாருங்க. டாக்டரு சர்டிபிகேட் குடுத்தாக்கூட நான் நம்பமாட்டேன், இத நம்பறேன்!" எல்லோருக்கும் அவர் கையாலேயே லட்டுக் கொடுத்தார், மாரப்பனுக்கு இரண்டு.

அடுத்த நாள் ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. துளசிமணி சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே அவள் கடைக்கு இந்தக் கதையைச் சொல்லப் போன நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன். கையில் ஊசி அப்படியே நின்றது. உயிரோடு இருப்பவர் வரமாட்டார், இறந்தவர் வராமல் இருக்கமாட்டார். பலகையில் ஒரு பெயரை எழுதினால் போதும். எட்டு வருடமாக எந்தப் போலீஸும் எந்த ஜோசியரும் சொல்லாத பதில், அவள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்பிக்கு உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் கேட்கவில்லை. மாதங்கள் போயின. நானும் கேட்கச் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பது வலிதான், ஆனால் அந்த வலிக்குள் அவர் பாதி உயிரோடு இருந்தார். தெரிந்துகொள்ளப் போய் அந்தப் பாதியும் போய்விட்டால் என்ன செய்வாள்?

பிறகு அங்கமுத்து வந்தார். சென்னியப்பனின் அண்ணன். பட்டறையில் கிரீஸ் கறை போகாத கையோடு, தம்பியைத் தேடி அலைந்ததிலேயே பாதி தேய்ந்துபோனவர். கடை வாசலில் நின்று, பொம்மைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அம்மிணி, தம்பி கனவுல வாரான். தண்ணி குடுங்கண்ணான்னு கேக்கறான். ஒரு தடவ இல்ல, தெனமும் வாரான். செய்ய வேண்டியதச் செய்யாம நாம அவன வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கறமோன்னு பயமா இருக்குது. ஆடி அமாவாசைக்கு ஆத்துல வெச்சுக் காரியத்தச் செஞ்சறலாம். நீ சரின்னு சொல்லோணும்."

சரி என்றால் அன்றைக்கு அவள் தாலியைக் கழற்ற வேண்டும். துளசிமணி கையிலிருந்த துணிக் கரடியைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒரே ஒரு நாள் குடுங். கருப்பாயிக்கு அவரு பேருல சோறு போடறேன். வந்தாருன்னா, ஆடி அமாவாசை வரைக்கும் எதுக்குங், அங்கியே கழட்டி உங்க கையில குடுத்தறேன்."

அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கவுன்சிலர் கதை தெரியும். "வரலீன்னா?" என்று கேட்டார். அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

கருப்பாயியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. எந்த அமரராக இருந்தாலும் கருப்பாயியில் வந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. நடையிலிருந்து தும்மல் வரை அப்படியே கொண்டுவந்துவிடுவாள். அதோடு சென்னியப்பனிடம் ஊருக்கே தெரிந்த ஒரு பழக்கம் இருந்தது. டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன்னால் டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பார்கள் அல்லவா, அவருக்கு அது கையிலேயே ஊறிப்போய், எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பார். தண்ணீர்த் தொட்டி, பூசணிக்காய், பஸ் ஸ்டாண்டுத் தூண், கல்யாணத்தன்று துளசிமணி உட்கார்ந்திருந்த மணை. கருப்பாயியின் கூண்டுக்குள் விளையாடுவதற்கென்று மாரப்பன் ஒரு பழைய லாரி டயரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். லாரி ஊரில் டயருக்குப் பஞ்சமா?

அந்த நாள் காலையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு 'அமரர்' என்று எழுதினேன். அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. துளசிமணி பக்கத்தில்தான் இருந்தாள்.

"குடுங்கண்ணா" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். கணவர் பெயரை வாயால் சொல்லாதவள், கையால் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் நிறுத்தாமல் எழுதினாள். அவளே கொண்டுபோய் மாட்டினாள்.

ஒன்பது மணிக்குக் கேட்டைத் திறந்தபோது கரட்டடியில் நடக்க முடிந்த எல்லோரும் வாசலில் நின்றார்கள். பட்டறைகள் சாத்திக் கிடந்தன. பொங்கியம்மாளின் மருமகள்கள் வந்திருந்தார்கள், காதர் பாயின் பிள்ளைகள், சிவசண்முகம் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, விரலைச் சப்பக் கொடுத்த அந்தத் தாய், எல்லோரும். தங்கள் அமரர் வந்தாரே என்று இத்தனை நாளாய் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இன்றைக்கு ஒருவர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றார்கள். சுண்டல் விற்கிறவர்கூடக் கூவாமல் நின்றார்.

மாரப்பன் உள்கதவைத் திறந்தான். கருப்பாயி வெளியே வந்தாள். கஞ்சித் தட்டுக்கு நேரே போய், முகத்தை முழுசாக அமிழ்த்தி, கரடிகள் உறிஞ்சுவது போல ஊரே கேட்க உறிஞ்சினாள். அங்கமுத்து என் கையைப் பிடித்திருந்தார். "தம்பி சத்தம் போடாமத்தான் குடிப்பான்" என்று முணுமுணுத்தார். கருப்பாயி தர்ப்பூசணியை எடுத்தாள். தட்டிப் பார்க்கவில்லை, நேராகத் தரையில் அடித்து உடைத்தாள்.

பிறகு டயரிடம் போனாள்.

முன்கையைத் தூக்கினாள். டொக்கென்று ஒரு தட்டு. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். "தம்பீ!" என்று அங்கமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். துளசிமணியின் கை கழுத்துக்குப் போனது, தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. இரண்டாவது தட்டு வந்தால் முடிந்தது. கருப்பாயி டயரைப் பார்த்தாள். டயர் ஆடிப் போய்த் திரும்பி வந்து அவள் மூக்கில் இடித்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. டயரைக் கட்டிப்பிடித்துக் கடித்தாள், அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டாள், அதற்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள், கடைசியில் ஒரு காலை அதில் போட்டுக்கொண்டு மல்லாந்து தூங்கிவிட்டாள்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு தட்டுக்குப் பிறகு இன்னொன்று வராது என்று யார் சொல்ல முடியும்? அவள் எழுந்தாள், கரையானைத் தோண்டினாள், ஈயைத் துரத்தினாள், மறுபடி தூங்கினாள். அன்றைக்கு முழுக்க அவள் அத்தனை சுத்தமாகக் கரடியாகவே இருந்தாள். செவ்வாய்க்கிழமையில்கூட அவளை நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. வெயில் இறங்க இறங்க, கூட்டத்தில் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு ஏதோ ஒன்று பரவிக்கொண்டு வந்தது, ஆனால் அதை முதலில் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. துளசிமணி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு நான் மணி அடித்தேன். வழக்கமாக நான் அடிக்கிற அந்த மணியை அன்றைக்கு அடித்தபோது எனக்கு அழுகை வந்தது. மாரப்பன் கூப்பிட்டான், கருப்பாயி கரடி நடையில் ஆடி ஆடி உள்ளே போனாள், கதவு விழுந்தது.

முதலில் உடைந்தது அங்கமுத்துதான். பெரிய ஆள், அப்படியே தரையில் உட்கார்ந்து, "இருக்கறான்! என்ற தம்பி இருக்கறான்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் கூண்டைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சிவசண்முகம் ஈமு இருந்த திசைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். ரேஞ்சர் ஐயா சிலுவை போட்டுக்கொண்டார். கருப்பாயிக்குக் கேட்டிருக்குமோ என்னவோ, உள்ளேயிருந்து ஒரு தும்மல் சத்தம் வந்தது, அதுவும் கரடித் தும்மல்தான்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருவர், "அப்ப ஆளு உசுரோட இருந்துக்கிட்டே ஊட்டுக்கு வராம இருக்கறானா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எல்லோர் மனதிலும் வந்துகொண்டிருந்ததுதான். எல்லோரும் துளசிமணியைப் பார்த்தோம்.

இத்தனை வருடத்தில் அவள் சென்னியப்பனைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொல்ல வழியில்லை. ஒருவேளை போய்ச் சேர்ந்தவராக இருந்தால், போனவரைத் திட்டினால் அந்தச் சொல் எங்கே போய் நிற்கும்? எட்டு வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் தொண்டை வரை வந்ததையெல்லாம் அவள் விழுங்கியே வைத்திருந்தாள். இப்போது அவள் பலகையைக் கழற்றினாள், முந்தானையால் 'அமரர்' என்பதை அழுத்தித் துடைத்தாள், பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, ஆரம்பித்தாள்.

"அட பாவி மனுசா! இருக்கறயா நீயி? உசுரோட இருந்துக்கிட்டா ஒரு போனு பண்ணல? கை என்ன முறிஞ்சா போச்சு? லாரிச் சாவிய பத்தரமா வெச்சுட்டுப் போனயே, ஊட்ல இருக்கறவளப் பத்தி நெனச்சயா? உன்ற அண்ணன் பாரு, தெருத்தெருவா உன்ற போட்டோவத் தூக்கிட்டு அலைஞ்சு எலும்பாக் கெடக்கறாரு! எவ ஆக்கிப் போடறா உனக்கு அங்க? உப்புப் பாத்துப் போடறாளா? அந்த முட்டி வலிக்கு யாரு தைலம் தேய்ச்சு உடறா? தின்னு, நல்லாத் தின்னு, எங்க வேணாப் போய்த் தொல, கட்டையில போற..."

சட்டென்று நிறுத்திவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மூடிக் கிடந்த உள்கதவைப் பார்த்து, "அது வாய் தவறி வந்துருச்சுங், கணக்குல வெச்சுக்காதீங்" என்றாள்.

பிறகு பலகையை மறுபடி தூக்கிப் பிடித்து, பெயரைப் பார்த்து, கரடு எதிரொலிக்கக் கத்தினாள்:

"நூறு வருசம் இருந்து தொல!"